துருசுக்காரனின் கோப்பை

வெறுவயிற்றில் இருநூற்றுப் பதினாலு.
கிளிநொச்சி கிளினிக்கில்
சிவப்புப் பேனையால் அதை என் கொப்பியில் எழுதியவள்
தலை நிமிராமல் சொன்னாள்:
"சோத்தைக் குறையுங்கோ ஐயா."
எனக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தாறு வருசமாய்
சோற்றுக்குத்தான் தண்ணீர் திறக்கிறேன், தங்கச்சி.

முதல் கிழமை வீடு செத்தவீடு.
செல்வநிதி சீனிப் போத்தலை
விளக்கெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்தாள்.
எறும்பு கண்டுபிடித்தது. நானும்.
அவித்த பாகற்காய், வெறும் குரக்கன் ரொட்டி,
வேலிக்கு அந்தப் பக்கத்தில்
யாரோ தாளிக்கிற வாசம்.
நாலாம் நாள் கோபித்துக்கொண்டு
பரந்தன் சந்திக் கடையில் ஒரு கொத்துரொட்டி,
ஒரு பிளேன்டீ;
கரையாத சீனியைக் கரண்டியால் வழித்துத் தின்றேன்.
அன்று பின்னேரம்
துருசுச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும்
எனக்கு இரண்டாய்த் தெரிந்தது.

சக்கரத்தைப் பிடித்தபடி நிற்கையில்தான்
அது பிடிபட்டது.
கதவை ஒரேயடியாய்த் தூக்கினால்
முதல் வயல் மூழ்கும், வரம்பு உடையும்,
கடைசிக் காணிக்காரன் மட்டும்
வெடித்த நிலத்தில் நின்று என்னைத் திட்டுவான்.
முரசுமோட்டை மயில்வாகனம் திட்டியது
இன்னும் காதுக்குள் இருக்கிறது.
என் கால் பெருவிரலும் கொஞ்ச நாளாய்
அப்படித்தான்,
ஒன்றும் வந்துசேரவில்லையென்று
விறைத்துக் கிடக்கிறது.

தண்ணீரில் குற்றமில்லை.
திறக்கிற கைதான்.

கோப்பையிலும் முறை வைத்தேன்.
முதலில் இலை: முருங்கையிலை வறை,
தேங்காய்ப்பூ குறையாத வல்லாரைச் சம்பல்.
பிறகு குளத்து ஜப்பான் மீன்,
புளி விட்டு, உறைப்புத் தூக்கலாய்.
முல்லைத்தீவிலிருந்து மச்சான் அனுப்பினால் இறால்.
பயற்றங்காய்ப் பால்கறி ஒரு கரண்டி.
இவ்வளவும் நனைத்த பிறகுதான் சோறு,
மொட்டைக்கறுப்பன், தவிடு போகாதது,
அகப்பையால் ஒன்று.
ஒன்றரைக்குக் கை போனால்
செல்வநிதிக்கு இருமல் வரும்.

முதல் நாள் அரிசி அளக்க
அவள் தட்டிலிருந்து ஒரு பால்மா மூடியை எடுத்தாள்.
கடற்கரையில், தறப்பாளுக்குள்,
ஏழு பேர் கஞ்சிக்கு அளந்த மூடி.
ஒரு கணம் கையில் வைத்திருந்தாள்.
திரும்ப வைத்துவிட்டுச்
சுண்டை எடுத்தாள்.
அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

ஒரு அகப்பைச் சோறு மெதுவாய்த்தான் முடிகிறது.
குழைத்து உருட்டி விழுங்கின காலத்தில்
அதற்கு இப்படியொரு மணம் இருந்தது
எனக்குத் தெரியாது.
நான் தண்ணீர் விட்ட நெல்லை
நான் மென்றதேயில்லைப் போல.

தையில் புதிருக்கு மயில்வாகனம் வந்தான்,
தோளில் அரை மூட்டை புத்தரிசி.
இந்த முறை கடைசிக் காணிக்கும் தண்ணீர் வந்ததாம்.
அதைச் சொல்லவும் அவனுக்குத் திட்டுகிற குரல்தான்.
புக்கை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?
குளிசையைப் போட்டேன்.
வறையும் மீனும் முன்னால் போயின.
பிறகு வாழையிலைத் துண்டில் மூன்று வாய் புக்கை,
சர்க்கரை உருகி விளிம்பில் மினுங்க.
மூன்றாவதை விழுங்காமல்
கொஞ்சநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

சாப்பிட்ட கையோடு குளக்கட்டில் நடந்தோம்,
வான்கதவு வரை போய்த் திரும்பி.
வழி முழுக்க அவன் உர விலையைத் திட்டினான்,
யானையைத் திட்டினான்,
என் செருப்பில்லாத காலைத் திட்டினான்.
அடுத்த நாளே செருப்பு வாங்கினேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்து
விரலைக் குத்தி மெஷினில் வைத்தேன்.
மயில்வாகனம் எட்டிப் பார்த்தான்.
"நூத்தி அறுபத்து மூண்டு.
இதென்ன, மூட்டைக் கணக்கோ?"
"ஓம்."
"காணுமோ?"
பெருவிரலை அசைத்துப் பார்த்தேன்.
"இந்தப் போகத்துக்குக் காணும்."